காதருக்குப் போட்ட கடிதம்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். எந்த வரிசையில் நுழைந்தாலும், வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றை வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும்போது மனிதருக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகங்கள் எல்லாமே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் சொல்கின்றன. ஜெயிக்காதவன் சரியாக முயலவில்லை என்பதுதான் அது. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்கலாம், இன்னும் கொஞ்சம் உழைத்திருக்கலாம், மனதைச் சரியாக வைத்திருக்கலாம்.

இதை நான் நம்புவதில்லை. நம்பாமல் போனதற்கு முதல் காரணம் ஒரு சிறுகதை.

அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’. படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு சினிமா ஸ்டுடியோ. படவேலை இல்லாத நாட்கள். ஆபீஸில் இருப்பவர்கள் பொழுதைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது வேலை கேட்டு ஒருவன் வருகிறான். தன்னை டகர் பாயிட் காதர் என்று சொல்லிக்கொள்கிறான். புலி வேஷம் கட்டுகிறவன். அவனுக்குக் கொடுக்க அங்கே எதுவும் இல்லை. எப்படியாவது பேசி அனுப்பிவிடலாம் என்றுதான் பார்க்கிறார்கள். அவன் போகவில்லை. செய்து காட்டுகிறேன் என்கிறான். புலி முகத்தை மாட்டிக்கொண்டு, மேஜை நாற்காலி நிறைந்த அந்தச் சின்ன அறைக்குள்ளேயே ஆடுகிறான். பார்க்கிறவர்களின் மூச்சு நிற்கிறது. அங்கே காதர் இல்லை, புலிதான் இருக்கிறது. ஆட்டம் முடிந்து முகத்தைக் கழற்றியதும் மறுபடியும் பசித்த மனிதன். குடும்பம் பட்டினி, ஏதாவது வழிசெய்யுங்கள் என்று கெஞ்சுகிறான். விலாசத்தை வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். பிறகு ஒரு கதைக்கு அவனைப் பயன்படுத்தலாம் என்று தோன்றிக் கடிதம் போடுகிறார்கள். கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை.

இந்தக் கதையில் கெட்டவர் எவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டுடியோக்காரர்கள் காதரை அவமதிக்கவில்லை. அவன் திறமையைக் கண்டு நிஜமாகவே அசந்துபோகிறார்கள், இரங்குகிறார்கள், பிறகு நினைவு வைத்துத் தேடவும் செய்கிறார்கள். காதரிடமும் குறையில்லை. அவனைவிடச் சிறப்பாக அந்த ஆட்டத்தை யாரும் ஆடிவிட முடியாது என்றுதான் கதை நமக்குக் காட்டுகிறது. திறமை இருக்கிறது, முயற்சி இருக்கிறது, எதிரே ரசனையுள்ள மனிதர்களும் இருக்கிறார்கள். இத்தனையும் இருந்தும் காதர் தோற்றுப்போகிறான். வீட்டில் அரிசி இல்லாதவனால் ஒரு நல்ல செய்தி வரும்வரை ஒரே விலாசத்தில் காத்திருக்க முடியாது. அவ்வளவுதான் காரணம். ஏழ்மை ஒருவனின் கனவை எப்படிக் கொல்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன கதை எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

இதை எழுதியவர் அந்த உலகத்தை உள்ளிருந்து பார்த்தவர். 1931இல் செகந்திராபாத்தில் பிறந்த அசோகமித்திரன், அப்பா இறந்த பிறகு 1952இல் சென்னைக்கு வந்தார். எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தார். ‘சந்திரலேகா’ எடுத்த ஸ்டுடியோ அது. அங்கே அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்த்துவைப்பது. பார்க்கிறவர்களுக்கு அது வேலையாகவே தெரியாததால், அவர் சும்மா இருப்பதாக நினைத்து ஆளாளுக்கு வந்து பேசிவிட்டுப் போவார்களாம். வாய்ப்புக் கேட்டு வந்த எத்தனை பேரின் கதைகள் அந்த மேஜைக்கு முன்னால் கொட்டப்பட்டிருக்கும்! ஜெயித்தவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருந்தார்கள். இவர் வாசலில் நின்றவர்களை எழுதினார்.

1969இல் புத்தகமாக வந்த அவருடைய ‘கரைந்த நிழல்கள்’ நாவலும் அதே உலகம்தான். சினிமா பற்றிய நாவல் என்றதும் நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எதிர்பார்த்துப் படிக்கிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். விடிவதற்குள் எழுந்து, வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வண்டியும் ஆளும் ஏற்பாடு செய்ய ஓடுகிற நடராஜனிடமிருந்து நாவல் தொடங்குகிறது. படம் எடுக்கும் ரெட்டியார் இருக்கிறார். படப்பிடிப்புக்கு வராமல் இழுத்தடிக்கும் கதாநாயகி ஜயசந்திரிகா இருக்கிறாள். கூடவே உதவியாளர்கள், டிரைவர்கள், துணை நடிகைகள், பாக்கி கேட்டு நிற்கிறவர்கள். படம் நின்றுபோகிறது. அதன்பிறகு ஒவ்வொருவராக நம் கண்ணிலிருந்து நழுவுகிறார்கள்.

இந்த நாவலில் என்னை உலுக்குவது அதன் கட்டமைப்பு. ஒரு மனிதன் வீழ்வதை அசோகமித்திரன் காட்டுவதே இல்லை. ஓர் அத்தியாயத்தில் கம்பெனியையே தோளில் சுமக்கிறவனாக இருப்பவனைப் பற்றி, சில அத்தியாயங்கள் கழித்து யாரோ போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்வார்கள். நடுவில் என்ன நடந்தது? கடன்காரன் வந்தானா, வீட்டைக் காலி செய்தார்களா, மனைவி என்ன சொன்னாள்? எதுவும் எழுதப்படவில்லை. அந்த வீழ்ச்சி முழுவதும் அத்தியாயங்களுக்கு இடையில் உள்ள வெற்றுத் தாளில் நடந்து முடிந்துவிடுகிறது. நம்முடைய வாழ்க்கையிலும் அப்படித்தானே? கூடவே வேலை பார்த்த ஒருவர் திடீரென்று வருவதில்லை. போன் நம்பர் மாறிவிடுகிறது. நாலைந்து வருடம் கழித்து யாராவது “உனக்கு விஷயம் தெரியாதா?” என்று ஆரம்பிப்பார்கள்.

எங்கள் ஊரிலிருந்து சினிமாவுக்கென்று கிளம்பிப் போன ஒரு அண்ணன் இருந்தார். பெயர் வேண்டாம். சாலிகிராமத்தில் அறை எடுத்துத் தங்கினார். ஓர் அறையில் அவரைப் போலவே நாலைந்து உதவி இயக்குநர்கள். படப்பிடிப்பு இருந்தால் பேட்டா உண்டு, இல்லையென்றால் ஊரிலிருந்து வரும் பணம்தான். பொங்கலுக்கு வரும்போதெல்லாம் எங்களை உட்காரவைத்துக் கதை சொல்வார். ஒவ்வொரு ஷாட்டையும் கையாலேயே காட்டுவார். அத்தனை அழகாகக் கதை சொன்ன மனிதரை நான் பிறகு பார்த்ததில்லை. அவருடைய அம்மாவின் நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. பிறகு அவர் பொங்கலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஊரில் அவரைப் பற்றிப் பேச்சு வரும்போது “அவனுக்குப் பொறுமை பத்தல” என்று ஒரு தீர்ப்பு சொல்வார்கள். ‘கரைந்த நிழல்கள்’ படித்த பிறகு அந்தத் தீர்ப்பை யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. பொறுமையாக இருக்கவும் மாதாமாதம் பணம் வேண்டும்.

பெண்களுக்கு இது இன்னும் கொடுமையாக நடந்தது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலின் ஜமுனா சினிமாவில் கதாநாயகி ஆகும் ஆசையோடு இருப்பவள். அந்த ஆசையைத் தூண்டில் புழுவாக வைத்தே பாஸ்கர ராவ் என்பவன் அவளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திக்கொள்கிறான். வாய்ப்பு வாங்கித்தருவதாகக் கூட்டிப்போகிறான், வேறு ஆட்களிடம் அனுப்புகிறான். தங்கை சாயா வெறுத்துப்போகிறாள். ஜமுனா ஒரு கட்டத்தில் தூக்கு மாட்டிக்கொள்ளவே துணிகிறாள். இவ்வளவும் நடப்பது எங்கே? தண்ணீர் இல்லாத ஒரு சென்னைத் தெருவில். விடிந்தால் குடத்தோடு ஓட வேண்டும். அடிபம்பு வைத்திருக்கும் வீட்டில் போய் நின்று பேச்சு வாங்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் வந்த நாவல் இது. குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்கு ஓடிய எவருக்கும் இதில் ஒரு வரிகூடப் பழையதாகத் தோன்றாது.

ஜமுனாவின் கனவு கலைவதைப் பற்றி மட்டும் அந்த நாவலைப் பேசினால் அது அநியாயம். பக்கத்து வீட்டு டீச்சரம்மா அவளிடம் தன் வாழ்க்கையைச் சொல்லும் இடம் இருக்கிறது. தன்னைவிட மிக மூத்த, இருமிக்கொண்டே இருக்கும் புருஷன், கடுகடுக்கும் மாமியார், பள்ளிக்கூட வேலை, திரும்பி வந்தால் வீட்டு வேலை. அந்த அம்மாளுக்குக் கனவு காண்பதற்கே நேரம் கிடைத்ததில்லை. ஜமுனா அதைக் கேட்கிறாள். பிறகு எழுந்து தண்ணீர் பிடிக்கப் போகிறாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவில் இருப்பவர்களின் தண்ணீர்ப் பிரச்சினைக்காக அலைகிறவளாகிறாள். பாஸ்கர ராவ் மறுபடி கூப்பிட்டபோது அவள் போகவில்லை. பெரிய வெற்றி என்று நாவல் எங்கும் சொல்லவில்லை. ஆனால் கைவிட்டுப்போன கனவுக்குப் பிறகும் ஒருத்தி எழுந்து நடமாட முடியும் என்பதை, ஓர் உபதேசமும் இல்லாமல், ஒரு குடம் தண்ணீரை வைத்து எழுதிக்காட்டிவிட்டார்.

நவீனத் தமிழ்க் கதைகள் என்றாலே ஒரே சோகம், ஒரே அழுகை என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் அசோகமித்திரனைப் படித்திருக்க முடியாது என்றுதான் சொல்வேன். அவர் கதைகளில் அழுகை மிகக் குறைவு. மனிதர்களுக்கு அழ நேரமில்லை. அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இவருக்கு முன்னால் புதுமைப்பித்தன் இதே இடத்தைத் தொட்டுவிட்டார். ‘ஒரு நாள் கழிந்தது’ கதையின் முருகதாசர் எழுத்தாளர். பிழைப்புக்கு விளம்பரம் எழுதுகிறார். உள்ளுக்குள் பெரிதாக ஏதோ எழுதிவிடும் ஆசை இருக்கிறது. ஆனால் கதை முழுக்க நடப்பது என்ன? மனைவி கமலம், குழந்தை அலமு, மளிகைக் கடை பாக்கி, நண்பரிடம் மூன்று ரூபாய் கேட்பதா வேண்டாமா என்ற தவிப்பு. பெரிய நாவலை எழுத வேண்டிய மூளை, மூன்று ரூபாயை எப்படிக் கேட்பது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருக்கிறது. கடன் கேட்கப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த முதல் வாக்கியம் எவ்வளவு கஷ்டம் என்று. முதலில் ஊர் விஷயம் பேச வேண்டும், உடம்பு சௌக்கியம் விசாரிக்க வேண்டும், கிளம்பும்போது ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலக் கேட்க வேண்டும். தோல்வியின் ருசி பெரிய பெரிய சரிவுகளில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். முருகதாசருக்கு அது தினமும் சாயங்காலம் தெரிந்திருக்கிறது.

புதுமைப்பித்தனின் ‘மனித யந்திரம்’ வேறொரு கோணம். ஒரு கடையில் காலமெல்லாம் கணக்கெழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு ஒரு நாள் பொறி தட்டுகிறது. கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டால் என்ன? திருநெல்வேலிச் சீமையில் கொழும்புக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பியவர்களின் பவிசைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. பிள்ளையும் பணத்தை எடுக்கிறார், ரயிலில் ஏறி உட்கார்ந்தும்விடுகிறார். பிறகு இறங்கித் திரும்பி வருகிறார். பணம் பெட்டிக்குள் போய்விடுகிறது. தான் செலவழித்த சில்லறையை மட்டும் தன் பற்றில் எழுதிக்கொள்கிறார். அந்த மனிதரின் வெற்றிக் கனவு நீடித்தது ஒரே ஒரு ராத்திரி. அவர் நல்லவர் என்பதால் திரும்பினாரா, அத்தனை வருஷம் ஒரே பேரேட்டில் குனிந்திருந்த முதுகுக்கு நிமிரவே முடியாமல் போய்விட்டதா? தலைப்பைப் பார்த்தால் புதுமைப்பித்தனின் பதில் தெரிகிறது. எனக்கு அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

எழுதியவரின் வாழ்க்கையை நினைத்தால் மனது இன்னும் கனத்துவிடும். 1940களில் புதுமைப்பித்தன் சினிமாவுக்குப் போனார். பர்வதகுமாரி என்ற பெயரில் படக் கம்பெனி தொடங்கி ‘வசந்தவல்லி’ எடுக்க முயன்றார். கைகூடவில்லை. எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுத புனே போனார். காசநோய் முற்றித் திரும்பினார். 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42. மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தொகுப்பாக வந்திருக்கின்றன. அந்தக் கடிதங்களையும் முருகதாசர் கதையையும் அடுத்தடுத்துப் படித்தால், கதை எது, வாழ்க்கை எது என்று பிரிக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவோம். தமிழ்ச் சிறுகதையின் மிகப் பெரிய ஆளுமைக்கே இதுதான் கிடைத்தது. அவர் முயலவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

பிறகு வந்தவர்கள் சினிமாவைத் தாண்டி வேறு கனவுகளையும் எழுதினார்கள். நாஞ்சில் நாடனின் ‘மிதவை’யில் சண்முகம் படித்துவிட்டு வேலை தேடுகிறான், ஊரில் கிடைக்காமல் பம்பாய்க்கு ரயிலேறுகிறான். பட்டம் வாங்கிவிட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்று நிலத்தை விற்றுப் படிக்கவைத்த தலைமுறை அந்த நாவலில் தன்னைப் பார்த்துக்கொண்டது. அவருடைய ‘தலைகீழ் விகிதங்க’ளில் வரும் சிவதாணு வசதியான வீட்டில் பெண் எடுத்து, அதன் விலையை ஒவ்வொரு நாளும் கொடுக்கிறான். தங்கர் பச்சான் அதை 2002இல் ‘சொல்ல மறந்த கதை’ என்று படமாக்கினார்.

பெருமாள்முருகனின் ‘நிழல்முற்றம்’ சினிமாவுக்கே திரும்பி வருகிறது, ஆனால் திரைக்கு முன்பக்கத்திலிருந்து. ஒரு சின்ன ஊர்த் தியேட்டர். இடைவேளையில் சோடாவும் முறுக்கும் விற்கும் பையன்கள். அவர்களுக்கு வீடு என்று ஒன்று பெயருக்குத்தான். தியேட்டரிலேயே சாப்பாடு, தியேட்டரிலேயே தூக்கம். திரையில் கதாநாயகன் ஒரே பாட்டில் பணக்காரனாகும்போது, கீழே இருட்டில் இந்தப் பையன்கள் அன்றைய கமிஷன் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கனவை விற்கிற இடத்திலேயே இருந்துகொண்டு கனவு காண வழியில்லாதவர்கள். வறுமையை அழகுபடுத்தி, ஏழைகளை எல்லாம் வெள்ளை மனத்தவர்களாகக் காட்டும் கதைகள் எனக்குப் பிடிக்காது. இந்த நாவலின் பையன்கள் திருடுவார்கள், கெட்ட வார்த்தை பேசுவார்கள், சின்னவனை அடிப்பார்கள். அப்படியும் அவர்கள்மீது நமக்குப் பாசம் குறைவதில்லை. அதற்குத்தான் நல்ல எழுத்து வேண்டும்.

ஏன் இப்போது இதையெல்லாம் பேசுகிறேன்? 2022இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 தேர்வை அறிவித்தபோது இருந்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். இடங்களைப் பிறகு கூட்டினார்கள், அது வேறு விஷயம். அறிவித்த கணக்கின்படி 300 பேருக்கு ஓர் இடம். அந்த 300 பேரும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்தாலும், 300 பேரும் எல்லாப் பழைய வினாத்தாள்களையும் தலைகீழாக ஒப்பித்தாலும், 299 பேர் தோற்றே ஆக வேண்டும். இது கணக்கு. இதில் சோம்பேறித்தனத்துக்கும் மன உறுதிக்கும் எங்கே இடம்? ஆனால் முடிவு வந்த நாளில் அந்த 299 வீடுகளிலும் “நீ ஒழுங்கா படிச்சிருந்தா…” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பையனும் அதை நம்புவான். பெண் பிள்ளையாக இருந்தால் அதோடு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பொறியியல் முடித்துவிட்டுச் சாப்பாட்டுப் பை சுமந்து பைக்கில் போகும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்க்கிறோம். கல்லூரியில் சேர்க்கும்போது அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் என்னென்ன பேசியிருப்பார்கள்! எந்த வயலை விற்றார்கள், எந்த மாமா ஜாமீன் கையெழுத்துப் போட்டார், வங்கிக் கடிதம் வந்த அன்று அப்பா எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்? ஒரு நல்ல நாவலுக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருக்கிறது. அசோகமித்திரன் 2017இல் போய்விட்டார். இந்தப் பிள்ளைகளை, காதரை எழுதிய அதே கண்ணோடு எழுத ஆள் வேண்டும்.

அதனால் இரண்டு பேரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் தோற்றுப்போன ஒருவரோடு வாழ்கிறவர்களே, அடுத்த முறை அவரிடம் “நீ மட்டும் கொஞ்சம் முயற்சி செஞ்சிருந்தா” என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் ‘புலிக்கலைஞ’னை ஒரு தடவை படியுங்கள். சின்னக் கதைதான். அரைமணி நேரம் கூட ஆகாது.

அந்த 22 லட்சம் பேரில் ஒருவராக இருக்கிறவர்களே, உங்களுக்கு எழுத வருமென்றால் எழுதுங்கள். கோச்சிங் சென்டருக்குக் கட்டிய பணம், அறை வாடகை, மெஸ் பாக்கி, முடிவு வந்த அன்று யார் என்ன சொன்னார்கள், எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். அழகாக வரவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் எழுதாவிட்டால் உங்கள் கதையை “பொறுமை பத்தல” என்ற இரண்டு வார்த்தையில் ஊரே எழுதி முடித்துவிடும்.